நாலாவது ஸ்டெப்: பூட்டு இருக்கா பார்

இந்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பற்றிப் பேசுவதாக இருந்தேன். ஸ்கிரிப்ட்கூட எழுதி வெச்சாச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தால், என் பிரவுசர் ராத்திரியோட ராத்திரியா அப்டேட் ஆகி வேற மூஞ்சியோட உட்கார்ந்திருக்கு. டேப் எல்லாம் கொஞ்சம் குண்டாயிடுச்சு. ஒரு பட்டன் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குக் குடிபோயிடுச்சு. அன்றைக்கு முழுக்க என் கை பழைய இடத்துக்கே போய், அங்கே இப்போ புதுசா வந்திருக்கிற எதையோ அழுத்திக்கிட்டே இருந்தது. பதினோரு மணி மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போதே விண்டோவை மூடிட்டேன். டீமே பார்த்துச்சு.

அந்த பிரவுசர் பேரைச் சொல்லப்போவதில்லை. எல்லா பிரவுசரும் மாத்தி மாத்தி இதையேதான் பண்றாங்க, ஒருத்தரை மட்டும் பிடிச்சு அடிச்சு என்ன ஆகப்போகுது.

நான் என்ன பண்ணேன்? பத்து நிமிஷம் திட்டினேன். அப்புறம் உள்ளே எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கிற ஒரு செட்டிங்கைத் தேடிப் பிடிச்சு பழைய மாதிரி மாத்திட்டேன். இந்த சந்தோஷம் நிறைய நாள் நிக்காது என்றும் எனக்குத் தெரியும், ஏன்னா இதுக்கு ஒரு சரித்திரமே இருக்கு.

ஃபயர்பாக்ஸை எடுத்துக்கோங்க. 2014 ஏப்ரல் 29-ஆம் தேதி 29-வது வெர்ஷன் வந்தது. உள்ளுக்குள்ளே அந்த டிசைனுக்கு ஆஸ்ட்ராலிஸ் என்று பேர். டேப் எல்லாம் வளைஞ்சு போச்சு, கீழே இருந்த ஆட்-ஆன் பட்டை போயே போச்சு. பிடிக்காதவங்க சும்மா இருக்கலை. பழைய முகத்தைத் திருப்பிக் கொண்டுவர ‘கிளாசிக் தீம் ரெஸ்டோரர்’ என்று ஓர் ஆட்-ஆன் வந்தது, நிறையப் பேர் அதைப் போட்டுக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. 2017 நவம்பரில் 57-வது வெர்ஷன், அதாவது குவாண்டம் வந்தப்போ, பழைய வகை ஆட்-ஆன்கள் எல்லாத்துக்கும் ஒரே நாளில் மங்களம். அதோட அதுவும் போச்சு.

திரும்பவும் 2021 ஜூன் 1. வெர்ஷன் 89. இந்தத் தடவை டிசைன் பேர் புரோட்டான். டேப், டேப் மாதிரியே இல்லாமல் மிதக்கிற பட்டன் மாதிரி ஆச்சு. இரண்டு டேப்புக்கு நடுவில் இருந்த கோட்டை எடுத்துட்டாங்க. சின்ன ஸ்கிரீன் வெச்சிருக்கிறவங்களுக்கு இருந்த ‘காம்பாக்ட்’ ஆப்ஷனை மறைச்சு வெச்சாங்க. தேடிப் போய் ஆன் பண்ணினால், பக்கத்திலேயே ‘ஆதரவு இல்லை’ என்று ஒரு குறிப்பு. சம்பந்தி வீட்டில் ‘சாப்பிடுங்க, ஆனா குழம்பு தீர்ந்துபோச்சு’ன்னு சொல்ற மாதிரி. அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் போய் ஒரு வரியை மாத்தினா பழைய டிசைன் வந்துக்கிட்டிருந்தது. அதுவும் இரண்டே மாசம்தான். ஆகஸ்டில் 91 வந்தப்போ அந்தக் கதவையும் சாத்திட்டாங்க.

அதே வருஷம் ஆப்பிள் பக்கம் வேற கதை. ஜூனில் ஐஓஎஸ் 15 பீட்டாவில் சஃபாரியின் அட்ரஸ் பாரைத் தூக்கிக் கீழே போட்டாங்க. ரீலோட் பட்டனை மூன்று புள்ளி மெனுவுக்குள்ளே ஒளிச்சாங்க. பீட்டா போட்டுப் பார்க்கிறவங்க யாரு? டெவலப்பர்கள், டெக் ரிப்போர்ட்டர்கள். அவங்க மூன்று மாசம் கத்தின கத்தில், செப்டம்பர் 20-ஆம் தேதி ஃபைனல் வெர்ஷன் வர்றப்போ, பாரை மேலேயே வெச்சுக்கலாம் என்ற ஆப்ஷன் வந்தது. மேக்கிலும் டேப் பார் பழையபடி தனி வரிசையாகத் திரும்பி வந்தது.

இதிலிருந்து நான் ரொம்ப நாளா ஒண்ணு நம்பிக்கிட்டிருந்தேன். பிரவுசர் முகம் மாறுவது ஓர் எரிச்சல். கத்தினா சில நேரம் திருப்பித் தருவாங்க. தரலைன்னா நாமே எங்கேயாவது நோண்டி மாத்திக்கலாம். அவ்வளவுதான். பழகிப்போயிடும்.

இரண்டு வருஷம் முன்னாடி கும்பகோணத்தில் எங்க வீட்டு டைனிங் டேபிளில் அந்த நம்பிக்கை போயிடுச்சு. இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

எங்க அப்பா ஒரு கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேலே கணக்கு எழுதினவர். பேரேடு, நாள்வழி, இந்த வார்த்தையெல்லாம் அவர் வாயிலிருந்து கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அவர் கையெழுத்தைப் பார்த்தா அச்சு மாதிரி இருக்கும். எழுதி வெச்சிருக்கிற எதையும் அவர் மீறமாட்டார். மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு அரை மணி முன்’ என்று இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து இருபத்தொன்பதாவது நிமிஷம் தண்ணி எடுத்து வெச்சுக்கிற ஆள்.

2020 லாக்டவுனில் என் கடைசி செமஸ்டர் வீட்டிலிருந்தே ஓடிக்கிட்டிருந்தது. வெளியே போகமுடியாது, கரண்ட் பில் கட்டணும். சரி, அப்பாவுக்கு ஆன்லைனில் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு போனில் நம்பிக்கை கிடையாது. பண விஷயம் எல்லாம் லேப்டாப்பில்தான். போனில் பண்ணினா ‘ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கு’ம்பார். அதனால ஒரு லாங் சைஸ் நோட்டிலிருந்து தாளைக் கிழிச்சு, ஒன்பது ஸ்டெப் எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பைத் திற. இந்தப் படத்தை இரண்டு தடவை அமுக்கு. மேலே இருக்கிற கட்டத்தில் இதை டைப் பண்ணு. நாலாவது ஸ்டெப்புக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டேன்: மேலே இடது பக்கம் பூட்டுப் படம் இருக்கா பார். பூட்டு இல்லையென்றால் தொடாதே.

எனக்கு அப்போ கேம்பஸில் வேலை கிடைச்ச திமிர். இஞ்சினியர் பேசறேன், கேட்டுக்கோங்க என்கிற தோரணை. அப்பா அந்தத் தாளை லேமினேட் பண்ணி லேப்டாப் பைக்குள்ளே வெச்சுக்கிட்டார். மூன்று வருஷம். கரண்ட், தண்ணி வரி, கேஸ், அத்தை வீட்டு போன் பில்கூட அவர்தான் கட்டினார். தெருவில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார், நாலாவது ஸ்டெப்போட சேர்த்து.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். டைனிங் டேபிளில் கண்ணாடி ஜாருக்கு அடியில் கரண்ட் பில் ரசீது. கவுண்டரில் கொடுக்கிற காகித ரசீது. ‘என்னப்பா, ஆபீஸுக்கே போய்க் கட்டினீங்களா?’ன்னேன். ‘அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை இருந்துச்சும்மா’ன்னார். அவ்வளவுதான் பதில்.

சமையல்கட்டில் அம்மா சொன்னாங்க. ‘அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஒரு மாசமா லேப்டாப்பைத் தொடவே இல்லை உங்கப்பா. வெயில்ல போய் கியூவுல நின்னு கட்டிட்டு வந்தார். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னார்.’

ராத்திரி நான்தான் மெதுவா ஆரம்பிச்சேன். ‘லேப்டாப் ஓடலையாப்பா?’ கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னாடி வெச்சு, நாலாவது வரியில் விரலை வெச்சார்.

‘பூட்டு இல்லைம்மா. எந்தப் பக்கம் போனாலும் இல்லை. பேங்க்லயும் இல்லை. ரெண்டு குச்சி, ரெண்டு பொட்டு, அந்த மாதிரி ஏதோ நிக்குது. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். எவனாவது உள்ளே பூந்துட்டானோன்னு ராத்திரி எழுந்து பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன்.’

‘எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேப்பா.’

‘போன வாரம்தானே ரசீது விஷயமா போட்டேன்? எத்தனை தடவைதான் உன்னைத் தொந்தரவு பண்றது.’

அந்த ரசீது விஷயம் எனக்கு ஞாபகம் இருந்தது. அதுவும் அப்டேட்டால் வந்ததுதான். முன்னாடி டவுன்லோட் பண்ற ஃபைல் விண்டோவுக்குக் கீழே ஒரு பட்டையாக வந்து நிக்கும், இல்லையா? அதை எடுத்துட்டு மேலே ஒரு சின்ன அம்புக்குறிக்குள்ளே போட்டுட்டாங்க. அப்பா கீழேயே பார்த்துக்கிட்டிருந்திருக்கார். வரலைன்னு திரும்ப அமுக்கியிருக்கார். ஃபோல்டரைத் திறந்தா ஒரே ரசீது ஏழு பிடிஎஃப்பாக இருந்தது. பணமும் ஏழு தடவை போயிருக்குமோன்னு பயந்துதான் போன் போட்டார். நான் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, அப்புறம் பேசறேன்’னு வெச்சுட்டேன். அப்புறம் பேசலை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் டேப் குண்டானா நான் திட்டிட்டு மாத்திக்குவேன். இங்கே ஒரு மனுஷன், நான் எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் பின்பற்றினதாலேயே ஒரு மாசம் தன்னைத்தானே குற்றவாளியாக நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். எவன்டா இந்தப் பூட்டை எடுத்தது, ஒரு வழி பண்ணிடலாம்னு மொட்டை மாடிக்குப் போய் போனில் படிக்க ஆரம்பிச்சேன்.

அங்கேதான் என் கோபம் திரும்பி என்னையே பார்த்தது.

விஷயம் இதுதான். குரோம் டீம் 2023 மே மாசமே இதை அறிவிச்சிருக்காங்க, செப்டம்பரில் 117-வது வெர்ஷனில் மாத்திட்டாங்க. பூட்டுக்குப் பதிலா, செட்டிங்ஸ் என்றால் வருமே, இரண்டு கோடும் அதன் மேலே நகர்கிற குமிழும், அந்த மாதிரி ஓர் ஐகான். அப்பா சொன்ன இரண்டு குச்சி, இரண்டு பொட்டு. குரோமியம் என்கிற ஓப்பன் சோர்ஸ் கோடை எடுத்துத்தான் இன்னும் நிறைய பிரவுசர்கள் ஓடுது, அதனால இந்த மாதிரி ஒரு முடிவு ஓர் இடத்தோடு நிற்காது. அவங்க சொன்ன காரணம் என்னன்னா, பூட்டைப் பார்த்து ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. 2021-இல் அவங்க பண்ணின ஆய்வில் பூட்டுக்கு சரியான அர்த்தம் சொன்னவங்க 11 சதவீதம் பேர்தான். மற்றவங்க பூட்டு இருந்தா இது நல்ல தளம், நம்பலாம்னு நினைச்சுக்கிறாங்க. ஆனா ஏமாத்து வேலை பண்ற தளங்களில் கிட்டத்தட்ட எல்லாத்திலுமே இப்போ பூட்டு இருக்கு.

இதை இன்னும் கொஞ்சம் விளக்கறேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க. பூட்டு என்ன சொல்லுது? உங்க கம்ப்யூட்டருக்கும் எதிரே இருக்கிற கம்ப்யூட்டருக்கும் நடுவில் போகிற பேச்சை வேற யாரும் ஒட்டுக் கேட்கமுடியாது, மாத்தமுடியாது. அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் யோக்கியனா, திருடனா என்று அது சொல்லவே இல்லை. தபால் உறையை நல்லா ஒட்டி, அரக்கு வெச்சு அனுப்பற மாதிரி. வழியில் யாரும் பிரிக்கலைன்னு தெரியும். ஆனா நீங்க எழுதின விலாசமே திருடன் வீட்டு விலாசமா இருந்தா? பத்திரமா அவன் கையில் போய்ச் சேரும்.

ஒரு காலத்தில் பூட்டு வாங்கவே கொஞ்சம் செலவும் அலைச்சலும் இருந்தது. சான்றிதழுக்குக் காசு கட்டணும். அதனால பெரும்பாலும் பேங்க், கடை மாதிரி தளங்களில்தான் பூட்டு இருக்கும், ‘பூட்டு இருந்தா நம்பலாம்’ என்பது ஓரளவுக்கு ஓடிச்சு. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் வந்தது. இலவசச் சான்றிதழ், எல்லாம் ஆட்டோமேட்டிக். இண்டர்நெட்டுக்கே நல்லது பண்ணின விஷயம் அது, சந்தேகமே இல்லை. காலேஜில் நான் பண்ணின ஒரு உருப்படாத கிரிக்கெட் ஸ்கோர் தளத்துக்குக்கூட ஐந்து நிமிஷத்தில் பூட்டு வாங்கினேன். நல்லவனுக்கு ஐந்து நிமிஷம்னா கெட்டவனுக்கும் ஐந்து நிமிஷம்தான். 2018 ஜூலையில் குரோம் 68, பூட்டு இல்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ன்னு காட்ட ஆரம்பிச்சதும் எல்லாருமே மாறிட்டாங்க. எல்லார் வீட்டிலும் இருக்கிற பூட்டு யாரையும் அடையாளம் காட்டாது.

இப்போ பாருங்க. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு 2020-லேயே தெரியும். நானே இலவசமா பூட்டு வாங்கினவ. தெரிஞ்சும் அப்பா தாளில் சிவப்பு மையில் எழுதினேன். ஏன்? சொல்லிக் கொடுக்க சுலபமா இருந்தது. ஒரு படம், இருக்கா இல்லையா. கிளாஸ் அரை மணி நேரத்தில் முடிஞ்சது, நான் எழுந்து போனேன்.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். ‘சந்தேகப்படற மாதிரி மெசேஜ் எதுவும் வந்துச்சாப்பா?’ போனை எடுத்துக் காட்டினார். நீங்களும் பார்த்திருப்பீங்க, நம்ம எல்லாருக்கும் வர்ற எஸ்எம்எஸ். அன்பார்ந்த நுகர்வோரே, போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு ஒன்பதரை மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், கீழே ஒரு லிங்க்.

‘இதைத் தொட்டீங்களா?’

‘போன்ல தொடலை. லேப்டாப்ல அந்த விலாசத்தை ஒவ்வொரு எழுத்தா அடிச்சுப் பார்த்தேன். பில்லு கட்டலைன்னு போட்டிருக்கே. படமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா பூட்டு இல்லை. மூடிட்டேன்.’

எனக்குக் கையில் இருந்த டம்ளர் நடுங்கிச்சு. சும்மா சொல்லலை.

அந்த லிங்க்கை என் மெஷினில் ஒரு தனி விண்டோவில் திறந்து பார்த்தேன், தளம் அதுக்குள்ளே காணாமல் போயிருந்தது. ஆனா ஒரு விஷயம் இருக்கு. எந்தத் தளத்துக்குச் சான்றிதழ் கொடுத்தாலும் அதைப் பொதுப் பதிவேட்டில் ஏத்துவாங்க, சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்ஸி என்று பேர். யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பேரைப் போட்டுத் தேடினேன். இருந்தது. அப்பாவுக்கு மெசேஜ் வந்ததுக்கு இரண்டு நாள் முன்னாடி, முறைப்படி வாங்கின சான்றிதழ்.

அப்போ என்ன அர்த்தம்? பழைய பிரவுசரா இருந்திருந்தா அந்தத் திருட்டுத் தளத்தில் அழகா ஒரு பூட்டு நின்றிருக்கும். அப்பா என் தாளைப் பார்ப்பார். நாலாவது ஸ்டெப், பூட்டு இருக்கு, டிக். ஐந்தாவது ஸ்டெப்புக்குப் போவார். அதில் நான் எழுதியிருந்தது, ‘கார்டு நம்பரைப் போடு’.

எந்த அப்டேட்டை மொட்டை மாடியில் நின்னு திட்டினேனோ அதுதான் அவர் பணத்தைக் காப்பாத்தியிருக்கு, அதுவும் தற்செயலா. அவர் மேல பாய இருந்தது நான் எழுதிக் கொடுத்த வரி.

அப்போ பிரவுசர் செய்தது சரின்னு சொல்லிடலாமா? இதை நான் நிறைய யோசிச்சிருக்கேன். பூட்டை எடுத்தது சரி. எடுத்த விதம் எனக்கு இன்னும் ஜீரணிக்கலை. இருபது வருஷத்துக்கு மேலே உலகம் முழுக்க ‘பூட்டைப் பார், பூட்டைப் பார்’ன்னு பேங்க்காரங்க, பேப்பர்காரங்க, என்னை மாதிரி வீட்டு இஞ்சினியர்கள் எல்லாரும் சொல்லிக் கொடுத்தாச்சு. அதை ஒரு நாள் எடுக்கறப்போ, டெவலப்பர்கள் படிக்கிற ஓர் இங்கிலீஷ் பதிவில் காரணத்தைச் சொன்னா போதுமா? ‘இங்கே இருந்த பூட்டு இனிமேல் இருக்காது, நீங்க எதையும் கெடுக்கலை’ன்னு அந்த இடத்திலேயே ஒரு வரி, அவர் மொழியில், ஒரே ஒரு தடவை காட்டியிருந்தா அப்பா ராத்திரி எழுந்து பாஸ்புக்கைத் தேடியிருக்கமாட்டார்.

இன்னொரு கடுப்பும் இருக்கு. பூட்டைப் பார்க்காதே என்றால் வேற எதைப் பார்க்கணும்? விலாசத்தைப் படிக்கணும். ஆனா அந்த விலாசத்தையே மறைக்கப் பார்த்தவங்களும் பிரவுசர்காரங்கதான். 2018 செப்டம்பரில் குரோம் 69 விலாசத்தின் முன்னாடி இருக்கிற டபிள்யூடபிள்யூடபிள்யூவை மறைச்சது. சத்தம் வந்ததும் சில நாளில் திருப்பி வெச்சாங்க, அடுத்த வருஷம் 76-இல் திரும்பவும் மறைச்சுட்டாங்க. 2020-இல் முழு விலாசத்தையும் மறைச்சு, தளத்தின் பேரை மட்டும் காட்டிப் பார்க்கிற ஒரு பரிசோதனை. இதுக்குப் பின்னாடி நல்ல எண்ணம் இருந்தது, பேர் மட்டும் தெரிஞ்சா ஏமாறமாட்டாங்களோ என்று. பாதுகாப்பில் எதிர்பார்த்த மாற்றம் தெரியலைன்னு 2021-இல் அவங்களே கைவிட்டாங்க. அதுக்கு நடுவில் 2019-இல் பேங்க் பேரைப் பச்சையில் காட்டிக்கிட்டிருந்த பட்டையையும் குரோம் 77, ஃபயர்பாக்ஸ் 70 இரண்டிலும் எடுத்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நியாயமான காரணம் இருக்கு. ஆனா அப்பா இருக்கிற பக்கத்திலிருந்து பார்த்தா, ஒருத்தர் வீட்டு வாசலில் வருஷத்துக்கு ஒரு தடவை கதவின் இடத்தை மாத்திக்கிட்டே இருக்காங்க.

நானும் இதே வேலைதான் பண்றேன், அதையும் சொல்லிடறேன். எங்க ஆபீஸில் ஒரு ஃபார்மில் ‘சேவ்’ பட்டனை மேலே கொண்டுபோனோம். ஏ/பி டெஸ்ட் ஓட்டினோம், புது டிசைன் ஜெயிச்சது, டீமுக்கு பிரியாணி. அந்த கிராஃபில் எங்க அப்பா மாதிரி ஒருத்தர் எப்படித் தெரிவார் தெரியுமா? தெரியவே மாட்டார். அவர் கம்ப்ளெயிண்ட் எழுதமாட்டார். ஃபீட்பேக் பெட்டியில் கோபமா டைப் பண்ணமாட்டார். பேசாமல் லேப்டாப்பை மூடிட்டு, குடையை எடுத்துக்கிட்டு கியூவில் போய் நிற்பார். எங்க டாஷ்போர்டில் அது ஒரு செஷன் குறைஞ்சது, அவ்வளவுதான். பிரியாணி சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு இது தோணலை.

சரி, தாளுக்கு வர்றேன். அந்தத் தீபாவளிக்கு இரண்டாவது தாள் எழுதினோம். இந்தத் தடவை நான் சொல்ல, அவர் எழுதினார். நாலாவது ஸ்டெப்பை முழுசா மாத்தினோம். மெசேஜில் வர்ற லிங்க்கில் போகவே கூடாது, நாங்க இரண்டு பேரும் உட்கார்ந்து சேர்த்து வெச்ச புக்மார்க்கிலிருந்து மட்டும்தான் போகணும். அப்படிப் போனாலும் விலாசத்தைப் படிக்கணும். விலாசத்தை எப்படிப் படிக்கறதுன்னு சொல்லிக் கொடுக்கத்தான் நேரமாச்சு. நான் டொமைன், சப்டொமைன்னு ஆரம்பிச்சேன், அவர் முகம் மாறலை. அப்புறம் அவரே சொன்னார்: ‘அப்போ தபால் விலாசம் மாதிரிதானே? முன்னாடி கதவு நம்பர், தெரு. ஊர் கடைசில. ஊர் எதுன்னு பார்த்துட்டுத்தானே தபால்காரன் பையிலேயே போடுவான்.’

அதேதான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னாடி கடைசியா இருக்கிற சொற்கள்தான் ஊர். முன்னாடி பேங்க் பேர், அரசாங்கம் பேர் என்னத்தை வேணும்னாலும் எவன் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஆறு வருஷம் வேலை பார்க்கிற நான் இதைவிட நல்லா யாருக்கும் விளக்கினது இல்லை. இன்னொரு ஸ்டெப்பும் சேர்த்தோம்: பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா முதலில் 1930, அப்புறம்தான் எனக்கு. அது சைபர் கிரைம் உதவி எண். உங்க வீட்டிலும் எங்கேயாவது எழுதி வைங்க, பிரிட்ஜ் மேலே ஆனாலும் சரி.

மூன்றாவது தாள் இப்போ சமீபத்தில். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில், இந்திய பேங்க்குகளுக்கென்றே ‘டாட் பேங்க் டாட் இன்’ன்னு முடிகிற விலாசம் வரப்போகுதுன்னு அறிவிச்சது. அந்த வருஷம் அக்டோபர் 31-க்குள்ளே மாறணும்னு பேங்க்குகளுக்குக் கெடு வெச்சிருந்தாங்க. ஐடிஆர்பிடி என்கிற நிறுவனம் வழியாக மட்டும்தான் அந்தப் பேரைப் பதிவு பண்ணமுடியும், அதனால ஐந்து நிமிஷத்தில் எவனும் வாங்கமுடியாது. பூட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனா பில் கட்டற தளங்களுக்கு இன்னும் இப்படி ஒரு பொது ஊர்ப்பேர் கிடையாது. சிலது கவ் டாட் இன்னில் முடியும், சிலது ஆர்க்கில் முடியும். அதனால அதுக்கெல்லாம் புக்மார்க்தான் கதி. அந்த புக்மார்க் பட்டையை அடுத்த அப்டேட்டில் எங்கே தூக்கி வைக்கப்போறாங்களோ, அது வேற.

போன மாசம் வீடியோ காலில் உட்கார்ந்து பழைய புக்மார்க்கையெல்லாம் மாத்தினோம். மூன்றாவது தாளை அப்பா ஏற்கெனவே பாதி எழுதி வெச்சிருந்தார். மேலே தேதி, ‘பதிப்பு 3’ன்னு தலைப்பு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கீழே இரண்டு வரி காலியா விட்டிருந்தார். ‘இதை லேமினேட் பண்ணலையாப்பா?’ன்னு கேட்டேன்.

‘வேண்டாம்மா. பென்சில்ல எழுதியிருக்கேன். எப்படியும் மாத்துவானுங்க.’

அடுத்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ், இந்தத் தடவை நிஜமாவே. உங்க வீட்டில் இந்த மாதிரி ஒரு தாள் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, நம்பர், பாஸ்வேர்டு எதுவும் தெரியாத மாதிரி. பார்க்கலாம் மக்களே.